ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிக்கூடம்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்த பதிவு இது. கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்களைப் போட்டேன். இயந்திரத்தைத் திறந்ததும் "விண்டோஸா, லினக்ஸா, எது வேண்டும்?" என்று அது கேட்கிறது. "இந்த வயசில் இதெல்லாம் உங்களுக்குத் தேவையா?" என்று வீட்டில் கேட்டார்கள். தேவைதான். காரணத்தையும், இதில் எனக்கு இருந்த ஒரு பழைய கடனையும் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. இடையில் கொஞ்சம் வரலாறும் வரும். வாத்தியார் எழுதினால் பாடம் இல்லாமல் இருக்குமா?

முதலில், இரண்டு இயங்குதளம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். ஷிப்ட் முறையில் நடக்கும் பள்ளிக்கூடம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காலையில் ஒரு பள்ளி, மதியம் வேறொரு பள்ளி. கட்டடமும் கரும்பலகையும் பெஞ்சும் ஒன்றுதான். ஆனால் தலைமையாசிரியர் வேறு, வருகைப் பதிவேடு வேறு, பீரோ சாவி வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. ஒன்று விட்டு மணி அடித்த பிறகுதான் மற்றது கூடும். கணினியிலும் அப்படியே. திரை, விசைப்பலகை, நினைவகம் எல்லாம் பொது. ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வரப்பு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ். எந்த ஷிப்ட்டுக்கு மணி அடிக்க வேண்டும் என்று நம்மிடம் கேட்க வாசலில் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பெயர் பூட் லோடர்.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததில்லை. 1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே அதற்கு மூன்று இயங்குதளங்களை அறிவித்திருந்தது. டாஸ், சி.பி.எம்.-86, பி-சிஸ்டம். வாங்குகிறவர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். 1983-ல் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு அடுத்த மாடல் வந்தது. இன்றைக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்க வீடியோ ஒன்றே அந்த டிஸ்க்கை நிரப்பிவிடும். அந்தச் சின்ன இடத்தையும் நான்காகப் பிரித்துக்கொள்ள வசதி வைத்தார்கள். ஒருவரே இரண்டு மூன்று இயங்குதளங்கள் வைத்துக்கொள்ள நினைக்கலாம் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் அந்தப் பங்கீட்டுப் பட்டியல் இருக்கும். அதில் காவல்காரர் உட்கார மிஞ்சுவது 446 பைட். இன்றைய யூனிகோடு முறையில் தமிழில் தட்டச்சு செய்தால் ஏறக்குறைய மூன்று குறள் கொள்ளும் இடம், அவ்வளவுதான். அதற்குள் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு மொத்த இயந்திரத்தையும் எழுப்பிவிட வேண்டும்.

அடுத்த கதை ஒரு வாத்தியாரிடமிருந்து தொடங்குகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர், இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று தன் மாணவர்களுக்குப் புரியவைப்பதற்காகவே மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதினார். 1987-ல் அது வெளிவந்தது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தன் கணினியில் அந்த மினிக்ஸைப் போட்டுப் பழகினார். பிறகு அதே கணினியில் தானே ஒன்றை எழுத ஆரம்பித்தார். 1991 ஆகஸ்ட் 25 அன்று அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21. அதுதான் லினக்ஸ்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. மோடத்துக்குப் போக வேண்டிய எண்ணைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பி, தன் மினிக்ஸ் பகுதியை அவரே கெடுத்துக்கொண்டார். பழைய வீடு இடிந்துவிட்டது, இனி புதிய வீட்டில்தான் குடியிருக்க வேண்டும் என்ற நிலைமை. முழுக்க முழுக்க லினக்ஸுக்கு மாறிவிட்டார். லினக்ஸை உருவாக்கியவருக்கே வரப்பு தாண்டிக் கை போயிருக்கிறது என்றால் நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். இதைப் பின்னால் மறுபடி சொல்வேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கட்டற்ற மென்பொருளை வளர்ப்பதற்காக 2005-ல் சென்னையில் ஒரு தேசிய வள மையம் தொடங்கினார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தியது அது. அங்கிருந்து 2007-ல் வந்ததுதான் பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு ஏற்றபடி அமைத்தது. அதே காலத்தில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். ஆக, நாடு முழுவதும் லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த நாளிலேயே நம் மாநிலத்தில் அதற்கு ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது.

பிறகு 2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்ததும் அதே நாள்தான். முதல் கட்டமாக எல்காட் மூலம் வாங்கத் திட்டமிட்டது 9.12 லட்சம் மடிக்கணினிகள். அந்தப் பெட்டிக்குள் விண்டோஸ் 7 ஒரு பக்கம், நான் மேலே சொன்ன பாஸ் லினக்ஸ் மறுபக்கம். யோசித்துப் பாருங்கள். மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்கள் ராத்திரி கண்விழித்துத் தாங்களே செய்துகொள்ளும் ஒரு ஏற்பாட்டை, இங்கே கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளின் கையில் தயாராகவே கொடுத்திருக்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வேறு எங்கே நடந்திருக்கும் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

எங்கள் பள்ளிக்கு அந்தப் பெட்டிகள் 2012 தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. நான் இடைநிலை ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரைதான் என் வகுப்புகள். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொருளில் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் மூன்று மாதம் எம்.எஸ். ஆபீஸ் படித்தவன் என்பதால் "கம்ப்யூட்டர் தெரிந்த வாத்தியார்" என்று பெயர். வினியோகப் பதிவேட்டில் வரிசை எண் எழுதிக் கையெழுத்து வாங்கும் மேசையில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். மூடியில் அரசுச் சின்னம், முதல்வர் படம். பிள்ளைகள் அதைத் தோள் பையில் வைத்து, பிறந்த குழந்தையைத் தூக்கிப் போவது போலக் கொண்டுபோனார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பையன் வந்தான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம். இதைப் படித்தால் அவனுக்கே தெரியும். வீட்டில் அரை ஏக்கர் மல்லிகை. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குத் தினமும் பூப் போடுகிற குடும்பம். விடியற்காலையில் பூப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். கிட்டே வந்தால் பூ வாசம் அடிக்கும்.

"சார், இதைத் திறந்தா ரெண்டு பேரு வருது. எதை அமுக்கணும்?"

"விண்டோஸை அமுக்குப்பா."

"அப்ப இன்னொண்ணு எதுக்கு சார்?"

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். "எனக்குத் தெரியலப்பா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெரியாது என்று மாணவனிடம் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்ற எண்ணம். "அது உபயோகம் இல்லாததுப்பா. இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். லீவு விட்டதும் ஏதாவது கடையில கொடுத்து எடுத்துடு" என்றேன். இவனிடம் மட்டும் சொல்லவில்லை. கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னேன். என் பேச்சைக் கேட்டு எத்தனை பிள்ளைகள் அதைத் துடைத்தார்களோ, எனக்குக் கணக்குத் தெரியாது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2001-லேயே ஐடி அட் ஸ்கூல் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பள்ளிக் கணினிகளைப் படிப்படியாக லினக்ஸுக்கு மாற்றினார்கள். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வைக்கூட அதில்தான் நடத்தினார்கள். அங்கே ஆசிரியர்கள் முதலில் உட்கார்ந்து படித்தார்கள், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் படித்திருக்கலாம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பாஸ் லினக்ஸைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

அதற்கப்புறம் காலம் எனக்கு ஒவ்வொன்றாகப் பாடம் நடத்தியது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அரசு அலுவலகங்களில் அந்த எக்ஸ்.பி. கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது தமிழக அரசு பாஸ் லினக்ஸைத்தான் போடச் சொன்னது. நான் ஓய்வு பெற்ற 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். விண்டோஸும் லினக்ஸும் ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உபயோகம் இல்லாதது என்று நான் சொன்னது, கேள்வி பதிலோடு பாடமாகவே வந்துவிட்டது. அன்றைக்கே மனசு உறுத்தியது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசிப் பாடம் 2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. என் மடிக்கணினி 2016-ல் மகன் வாங்கிக் கொடுத்தது. விண்டோஸ் 11 அதற்குப் போடலாமா என்றால், பிராசசர் பழசு, ஏற்காது என்று வந்துவிட்டது. இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. விசை ஒன்றுகூடத் தேயவில்லை. இதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. சரி, விண்டோஸை அழித்துவிட்டு முழுக்க லினக்ஸ் போட்டுவிடலாம் என்றால் அதற்கும் ஒரு தடை. பள்ளி ஆண்டு மலர்கள், பழைய மாணவர் பட்டியல்கள், நான் எழுதிய நாடகங்கள் எல்லாம் யூனிகோடு வருவதற்கு முந்தைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அவற்றைத் திறக்கவும் திருத்தவும் வசதி விண்டோஸில்தான் இருக்கிறது. அதனால் இரண்டும் வேண்டும். பழசைப் பார்க்க விண்டோஸ், இணையத்துக்கும் புதிதாக எழுதவும் லினக்ஸ்.

உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று விசாரித்தபோது, "நம்ம பையன் ஒருத்தன் வத்தலக்குண்டுல கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறான் சார், நல்லாச் செய்வான்" என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தான். வாசலில் நின்றவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அதே பையன்தான். தலையில் லேசாக வழுக்கை. பூ வாசம் மட்டும் இல்லை.

காபி குடித்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "சார், பேக்கப் எடுத்துட்டீங்களா?"

"எதுக்குப்பா? பக்கத்துல ஒரு இடம்தானே ஒதுக்கப்போறோம்?"

"முதல்ல எடுத்துருவோம் சார்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு வெளி டிஸ்க்கை எடுத்துச் சொருகினான். என் கோப்புகள் எல்லாம் அதில் ஏற இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஏறியதோடு விடவில்லை. நாலைந்து கோப்புகளை அந்த டிஸ்க்கிலிருந்து திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தான். அந்த நேரத்தில்தான் பேச்சுவாக்கில் பழைய கதையைச் சொன்னான்.

2012-ல் மடிக்கணினி கைக்கு வந்ததும், தைப்பொங்கலிலிருந்து கமிஷன் கடையில் கொடுத்த துண்டுச் சீட்டுகளை எல்லாம் அதில் ஏற்றியிருக்கிறான். தேதி, எத்தனை கிலோ, என்ன விலை, பிடித்தம் எவ்வளவு. மல்லிகை விலை உங்களுக்குத் தெரியும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. முகூர்த்த நாளில் மலை ஏறும், மறுநாள் மடுவில் விழும். கணக்கு வைத்துக்கொள்ளாவிட்டால் எதுவும் நிற்காது. "கம்ப்யூட்டர்ல இருக்கும்மா" என்று அவன் சொன்னதால் அம்மா சீட்டுகளை அடுப்புக்குப் போட்டுவிட்டார். பரீட்சை முடிந்து விடுமுறையில், சார் சொன்னாரே என்று அந்த இன்னொன்றை எடுக்க ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். அவர்கள் ஒரு பகுதியை மட்டும் எடுக்கவில்லை. மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆடியில் முன்பணக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது அப்பாவின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எதிர்ப்பக்கம் சொன்னதே கணக்கு.

"எவ்வளவுப்பா வித்தியாசம்?" என்றேன்.

"அதான் சார் தெரியாது. தெரிஞ்சிருந்தா பரவாயில்ல" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அப்பா ஒரு வார்த்தை திட்டல சார். வாத்தியார் சொல்லித்தானே செஞ்சேன்னு நான் சொன்னேன். சரி விடுன்னுட்டாரு."

எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. பதின்மூன்று வருடம் கழித்து என் வீட்டுக்கு வந்து என் ஆண்டு மலர்களைப் பத்திரப்படுத்திக்கொண்டிருக்கிறான். "தப்பு என்மேலதான்ப்பா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றேன். "விடுங்க சார். அன்னைக்குப் போனதைத் திரும்ப எடுக்க முடியுமான்னு தேடப்போய்த்தான் இந்தத் தொழிலே கத்துக்கிட்டேன்" என்றான். அவன் பெருந்தன்மைக்குச் சொன்னான். நான் அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இங்கே எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். நீங்களும் செய்துகொள்ளலாம் என்பதற்காக அவன் செய்த வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் பேக்கப். இரண்டாவது, டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தான். பிட்லாக்கர் என்று ஒரு பூட்டு உண்டு. அது இருந்தால் மீட்புச் சாவி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடக் கூடாது. மூன்றாவது, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை நிறுத்தினான். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் பக்கமிருந்து அதன் இடத்தில் எழுதினால் கோப்புகள் கெடலாம். நான்காவது, வரப்பை நகர்த்தினான். விண்டோஸ் இடத்தை விண்டோஸின் கருவியைக் கொண்டே சுருக்கி, காலி இடம் உண்டாக்கினான். ஐந்தாவது, பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி அதிலிருந்து கணினியைத் திறந்தான். டிஸ்க்கில் எதுவும் பதியாமலே அதை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, தமிழ் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான், விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்ற வழியைத் தேர்ந்தெடுத்தான். டிஸ்க் முழுவதையும் அழி என்று இன்னொரு வழியும் அதே திரையில் இருக்கிறது. கை தவறக் கூடாத இடம் அதுதான். அவன் படித்துப் பார்த்து, என்னையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, பிறகுதான் அமுக்கினான்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட் என்று ஒரு காவல் முறையும் சேர்ந்து வந்தது. கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். இனி லினக்ஸ் போடவே முடியாது என்று அப்போது பலர் பயந்தார்கள். பிறகு லினக்ஸ்காரர்களும் முறைப்படி கையொப்பம் பெற்ற ஒரு சின்னத் தொடக்க நிரலைக் கொண்டுவந்து வழி கண்டார்கள். அதனால் எங்களுக்கு அதில் சிக்கல் வரவில்லை.

ஒரே ஒரு வேடிக்கை நடந்தது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால், காலை பத்து மணிக்கு விண்டோஸ் நாலரை என்று காட்டியது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் அல்லவா, அதுதான். ஒரே சுவர்க் கடிகாரத்தை இரண்டு ஷிப்ட் தலைமையாசிரியர்களும் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். லினக்ஸ் பக்கம் ஒரு கட்டளை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இப்போது விண்டோஸ் பக்கத்தில் நான் இணையத்தைத் தொடுவதில்லை. ஆதரவு முடிந்த வீட்டில் வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கக் கூடாது. இந்தப் பதிவை லினக்ஸ் பக்கம் உட்கார்ந்து, தமிழ் 99 விசைப்பலகையில் அடிக்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். அரசு கொடுத்த அந்தப் பழைய மடிக்கணினி உங்களில் நிறையப் பேர் வீட்டுப் பரணில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பேட்டரி போயிருந்தாலும் சார்ஜர் போட்டால் ஓடலாம். இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் வீட்டுப் பிள்ளைகள் தட்டச்சுப் பழகவாவது ஆகும். அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, 2012-லும் அதற்குப் பிறகும் "அது உபயோகம் இல்லாதது" என்று நான் யார் யாரிடம் சொன்னேனோ, அவர்கள் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். இன்னொன்று எதற்கு என்று கேட்டது நல்ல கேள்வி. கேட்ட பையனுக்குப் பதில் கிடைக்கப் பதின்மூன்று வருடம் ஆனது. அதையும் அவனேதான் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குக் கூலி கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றான். வற்புறுத்திச் சட்டைப் பையில் வைத்தேன். அவன் அப்பாவைப் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். என்ன பேசுவேன் என்று இன்னும் தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
நிலக்கோட்டை